அரை மூச்சு

இலக்கியத் துறையில் ஆளுக்கொரு வேலை உண்டு. ஒருவர் நாவலை ஆராய்வார், ஒருவர் நாடகத்தை ஆராய்வார், ஒருவர் ஒன்றையும் ஆராயாமல் எல்லாக் கூட்டத்துக்கும் தலைமை தாங்குவார். நம் பேராசிரியை ஒரு மூச்சை ஆராய்ந்தாள். முழு மூச்சுகூட இல்லை, அரை மூச்சு.

சிரிக்காதீர்கள். துறையில் இருந்தவர்கள் சிரித்ததே அவளுக்குப் போதும் போதும் என்று ஆகியிருந்தது. எழுத்தாளர்கள் தங்கள் எழுத்தைத் தாங்களே வாசித்துக் கொடுத்த பழைய ஒலிப்பதிவுகள்தான் அவளுடைய பாடம். கவிஞர் எந்த இடத்தில் நிறுத்துகிறார், எந்தச் சொல்லை விழுங்குகிறார், எங்கே இருமுகிறார் என்பதெல்லாமும் கவிதையில் சேர்த்திதான் என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அறையில் புத்தகத்தைவிட ஒலிநாடா அதிகம். நாற்காலியில் உட்கார வேண்டுமானால் முதலில் அதன் மேலிருக்கும் ஹெட்போனை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். சக ஆசிரியர்கள் அந்த அறைக்கு ரேடியோ கடை என்று பெயர் வைத்திருந்தார்கள். மாணவர்கள் அவளுக்கே 'அரைமூச்சு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பெயர் வந்த கதை இது. எப்போதோ மறைந்துபோன ஒரு கவிஞர். அவர் குரலில் ஒரே ஒரு பதிவுதான் உண்டு. யாரோ புண்ணியவான் இயந்திரத்தை அவர் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய், வீடு திரும்புதல் பற்றிய அவருடைய நெடுங்கவிதையை வாசிக்கச் சொல்லி இசைத்தட்டில் பதிந்திருந்தார். தட்டு பிற்பாடு விரிசல் விட்டு உடைந்துவிட்டது. அதற்குள் ஒலிக்காப்பகத்தில் அதை நாடாவில் படியெடுத்து வைத்திருந்தார்கள். ஆராய்ச்சி மாணவியாக அங்கே போய் உட்கார்ந்து அந்த நாடாவைக் கேட்டபோது அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அச்சிட்ட புத்தகத்தில் கவிதையின் நடுவில் மனைவியைப் பார்த்துச் சொல்லும் இரண்டு வரிகள் இருக்கின்றன:

கதவைச் சாத்தாதே, விளக்கை அணைக்காதே;
நேரமானாலும் நான் வந்துவிடுவேன்.

நாடாவில் அந்த வரிகள் இல்லை. முந்தைய வரியை முடிக்கிறார், சின்னதாக ஒரு மூச்சு இழுக்கிறார், அதுவும் பாதியில்தான் கேட்கிறது, நேராக அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்.

மனைவி இறந்த பிறகு வாசித்திருக்கிறார், அந்த வரிகளைச் சொல்ல நா எழவில்லை, சொல்ல முடியாத துக்கம்தான் அந்த அரை மூச்சு என்று அவள் எழுதினாள். பதிவு எந்த வருஷத்தது என்று யாருக்கும் தெரியாது. மனைவி இறந்த பிறகுதான் பதிந்தார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? அரை மூச்சு. அரை மூச்சு ஏன் வந்தது? மனைவி இறந்ததால். சுற்றிச் சுற்றி வந்து தன் வாலையே பிடித்துக்கொண்டது அந்தக் கட்டுரை. ஆனால் உருக்கமாக எழுதியிருந்தாள். படித்தவர்கள் அழுதார்கள், அழுகிறவர்கள் ஆதாரம் கேட்பதில்லை. வெளிநாட்டு மாநாடுகளில் பேசக் கூப்பிட்டார்கள். அந்த ஒரு கட்டுரைதான் அவள் பிழைப்பையே தாங்கி நின்றது.

கட்டுரை அவளுக்கு இன்னொன்றையும் கொடுத்தது, ஒரு கணவரை. அப்போது காப்பகத்தில் அவர் ஒலிப்பதிவாளர். அந்த மாணவி தினமும் வந்து, "அந்த எடத்த இன்னொரு தடவ போடுங்களேன்" என்று கேட்பாள். அவரும் போடுவார். தன்னைப் பார்க்கத்தான் வருகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவள் அரை மூச்சுக்காகத்தான் வந்தாள். இருந்தாலும் காரியம் கல்யாணத்தில் முடிந்தது. கட்டுரை அச்சில் வந்தபோது முதலில் அழுதவர் அவர்தான். ஒரு மகள் பிறந்தாள், வளர்ந்தாள், மருந்துக்கடை வைத்தாள். வீட்டில் அரை மூச்சு என்பது வேறு பொருளில் புழங்கியது. கணவர் பொய் சொல்வதற்கு முன்னால் மூச்சைப் பாதி இழுத்து நிறுத்துவார். "அப்பா அரை மூச்சு விட்டாச்சு, இப்ப பாரு" என்பாள் மகள். சொல்லி வைத்ததுபோல் பொய் வரும்.

துறைத் தலைவர் மட்டும் எதற்கும் மசியவில்லை. அவருக்கு அச்சில் இருப்பதுதான் இலக்கியம். யார் என்ன சொன்னாலும், "இதுக்குப் பக்க எண் இருக்கா?" என்று கேட்பார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயரும் 'பக்கஎண்'தான். பேராசிரியையின் பதவி உயர்வு இரண்டு முறை அவரிடம் போய் இரண்டு முறையும் அந்தக் கேள்வியில் முட்டி நின்றது. மூச்சுக்கு ஏது பக்க எண்?

இந்த நிலையில்தான் பல்கலைக்கழகம் 'இலக்கியமும் ஒலியும்' என்று ஒரு தனி இருக்கை ஏற்படுத்தப்போவதாக அறிவித்தது. அதற்குத் தகுதியான ஆள் அவள் ஒருத்திதான். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. எல்லோர் முன்னிலையிலும் உரையாற்ற வேண்டும், உரை முடிந்ததும் துறைத் தலைவர்கள் தனியறையில் உட்கார்ந்து வாக்களிப்பார்கள். அவளுக்கு ஓய்வு பெற அதிக காலம் இல்லை. இது கிடைத்தால் ரேடியோ கடை ஒரு துறையாகும். நாடாக்களுக்கு நல்ல அறை, அவளுக்குப் பின்னால் வேலையைத் தொடர ஆட்கள், எல்லாம் உண்டு. கிடைக்காவிட்டால் அவள் ஓய்வு பெற்ற மறுநாளே அந்த அறையில் மேஜை நாற்காலி அடுக்கிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை உரை. தலைப்பு 'அரை மூச்சு: சொல்லாமல் விட்ட வரிகள்'. சுவரொட்டிகூட ஒட்டியாகிவிட்டது.

கணவருக்கு ஓர் ஆசை. மேடையில் கணினியில் போடக் கூடாது, அந்தக் காலத்து நாடா இயந்திரத்திலேயே போட வேண்டும். வீட்டு மூலையில் பெல்ட் அறுந்து கிடந்த இயந்திரத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜைக்குத் தூக்கிக்கொண்டு வந்து, செய்தித்தாளை விரித்துப் பிரித்துப் போட்டார். மேஜையில் காப்பி டம்ளர் வைக்க இடமில்லை. பேராசிரியை அடுத்த அறையில் உரையைச் சத்தமாக வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

புது பெல்ட் மாட்டினார், எண்ணெய் விட்டார், துடைத்தார். இனி ஓட்டிப் பார்க்க வேண்டும். பழுது பார்த்த இயந்திரத்தில் நல்ல நாடாவை எந்த ஒலிப்பதிவாளரும் முதலில் போடமாட்டார், கடித்துத் துப்பிவிட்டால் போச்சு. போனால் போகட்டும் என்கிற நாடாவாக ஒன்று வேண்டும். நாற்காலி மேல் ஏறி, அலமாரிக்கு மேலே பழைய போர்வைகளுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினார்.

"அது என்னங்க?" என்று கேட்டுக்கொண்டே அவள் வந்தாள்.

"குப்பை" என்றார்.

காப்பகத்தில் அப்போது ஒரு சட்டம் இருந்தது. அலமாரிக்குப் போகும் நாடாவில் எழுத்தாளரின் குரல் மட்டும்தான் இருக்க வேண்டும். இருமல், நாற்காலிச் சத்தம், தேநீர் கொண்டுவருபவரின் பேச்சு, நாய் குரைப்பது எல்லாவற்றையும் பிளேடால் வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் ஒட்டி, பிறகு அதைச் சுத்தமாக இன்னொரு நாடாவில் படியெடுத்து வைப்பார்கள். வெட்டிய துண்டுகள் கூடைக்குப் போகும். அவருக்குச் சின்ன வயசு. வேடிக்கையான துண்டுகளைக் கூடையிலிருந்து பொறுக்கி வரிசையாக ஒட்டி ஒரு நாடா செய்து வைத்திருந்தார். சகாக்களுக்கு ஒரு முறை போட்டுக் காட்டி எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்ததாக ஞாபகம். மேலதிகாரி காதில் விழுந்தால் வேலை போய்விடும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தவர்தான், பிறகு மறந்தே போனார்.

"முப்பது வருஷமா எனக்குச் சொல்லவே இல்லையே."

"குப்பைத்தொட்டியில என்ன இருக்குன்னு யாராவது பொண்டாட்டிகிட்ட சொல்லுவாங்களா?"

நாடா ஓடத் தொடங்கியது. பெரிய நாவலாசிரியர் ஒருவர் ஒரு நீண்ட வாக்கியத்தின் உச்சியில் தும்மினார். இன்னொருவர், "ஜன்னலைச் சாத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது" என்று கத்தினார். ஒரு நாய். ஒரு நாற்காலி உடையும் சத்தம், அதைத் தொடர்ந்து அச்சில் ஏற்ற முடியாத ஒரு சொல். அவள் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தம் கேட்டு மகள் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வந்து நின்றாள். பழைய ஒட்டுக்கள் காய்ந்துபோயிருந்ததால் நடுநடுவே நாடா பிரிந்து தொங்கியது. அவர் பொறுமையாக மறுபடி ஒட்டி ஓட்டினார்.

அப்போது அந்தக் குரல் வந்தது. முதல் சொல் முடிவதற்குள் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் அம்மா குரலைக்கூட அவ்வளவு சீக்கிரம் அடையாளம் கண்டிருக்கமாட்டாள்.

கவிஞர் ஒரு வரியின் கடைசியைச் சொல்லிவிட்டு நின்றார். "அடுத்தது என்ன?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். தூரத்தில் ஒரு பெண் சிரித்தாள். "மறந்துபோச்சா?"

"உனக்கு எழுதினதுதானே, நீயே சொல்லேன்."

காலடிச் சத்தம் கிட்டே வந்தது. அந்தப் பெண் ராகமெல்லாம் போடாமல், வாடிக்கையாகச் சொல்கிறவள்போல் சொன்னாள். கதவைச் சாத்தாதே, விளக்கை அணைக்காதே, நேரமானாலும் நான் வந்துவிடுவேன். சொல்லிவிட்டு அதே மூச்சில், "தினம் இதே கதைதான். சாப்பாடு ஆறிப்போறது தெரியுதா?" என்றாள். கவிஞர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கி, அடுத்த வரிக்காக மூச்சை இழுக்கத் தொடங்கினார். பாதி இழுத்ததும் துண்டு முடிந்து, வேறு யாரோ தண்ணீர் கேட்டார்.

கணவர் இயந்திரத்தை நிறுத்தினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அம்மா, இது உன் ஆளு இல்ல?"

"ஆமா."

"அந்தம்மா செத்துப்போயிட்டாங்கன்னுதானே எழுதியிருக்கே?"

"ஆமா."

"நல்லா தெம்பாத்தானே பேசறாங்க."

பேராசிரியை நாற்காலியில் கிடந்த ஸ்பானரை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். "இன்னொரு தடவ போடுங்களேன்" என்றாள். அந்தக் காலத்தில் கேட்ட அதே குரலில் கேட்டதாகக் கணவருக்குத் தோன்றியது, அதனால் பயம் இன்னும் கூடியது. மறுபடி போட்டார். மறுபடியும் போட்டார். பிறகு தானாகவே சொன்னார்.

"வேலைக்குச் சேந்த புதுசு. வேற ஆள் குரல் இருக்கக்கூடாதுன்னாங்க. இந்தம்மா பேசினது, இவர் சிரிச்சது எல்லாத்தையும் எடுத்துட்டேன். சிரிப்போட வால் மூச்சில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதனால மூச்சு நடுவுல வெட்டவேண்டியதாப் போச்சு. எத்தனையோ நாடா வெட்டியிருக்கேன், எது யாரோடதுன்னு அப்ப பாத்தேனா? நீ சொன்ன அரை மூச்சு என் வெட்டுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

மூச்சு விடாமல் சொன்னதால் அது உண்மைதான் என்று மகள் தீர்மானித்தாள்.

"அப்ப முப்பது வருஷமா நான் உங்க பிளேடத்தான் ஆராய்ச்சி பண்ணியிருக்கேனா?" என்றாள் பேராசிரியை.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்கு முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து மகள் பக்கத்தில் வந்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். சாப்பாடு ஆறிப்போகிறதாம். அதைத்தான் துக்கம், வெறுமை, வாழ்வின் விளிம்பு என்றெல்லாம் எழுதி உலகத்தையே அழவைத்திருந்தாள்.

சிரித்து முடித்த பிறகுதான் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. உரை போயிற்று, தலைப்பு போயிற்று, கட்டுரையும் போயிற்று. இருக்கையே அந்தக் கட்டுரையை நம்பித்தான் வருகிறது. பக்கஎண் சும்மா விடுவாரா?

கணவர் நாடாவைச் சுற்றி டப்பாவுக்குள் வைத்தார். "இது குப்பை. குப்பையாவே இருக்கட்டும். தட்டு ஒடஞ்சுபோச்சு, காப்பகத்துல வேற பிரதி இல்ல. நம்ம மூணு பேரத் தவிர யாருக்கும் தெரியாது. நான் பண்ணின கோளாறுக்கு நீ ஏன் நஷ்டப்படணும்?"

"வாக்கெடுப்பு முடிஞ்சதும் மெதுவாச் சொல்லிக்கலாமே. பொய் சொல்லச் சொல்லல. ரெண்டு நாள் தள்ளிப்போடு, அவ்வளவுதான்" என்றாள் மகள்.

அது நியாயமாகத்தான் பட்டது. அவளும் அப்படியே செய்வதாக முடிவு செய்தாள். டப்பா மறுபடி அலமாரிக்கு மேலே போயிற்று.

திங்கட்கிழமை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உரையை வாசித்துப் பார்த்தாள். முதல் பக்கம் ஒழுங்காகப் போயிற்று. இரண்டாம் பக்கத்தில், 'இங்கே கவிஞரின் குரல் துயரத்தின் வாசலில் தயங்கி நிற்கிறது' என்று வந்தது. சாப்பாடு ஆறிப்போறது தெரியுதா என்றது காதுக்குள் ஒரு குரல். அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வாசித்தாள். துயரத்தின் வாசல் வரை வந்தாள், அந்தப் பெண்மணி கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தாள். வேறு சொல் போட்டுப் பார்த்தாள். துயரத்தை எடுத்துவிட்டு மௌனம் என்று எழுதினாள், அதற்கும் சிரிப்பு வந்தது. கேட்டதைக் கேட்காததாக்க வழியில்லை. அவளுடைய வாழ்நாள் வேலையே காதை நம்புவதுதான், இப்போது காதைப் பொத்திக்கொள் என்றால் எப்படி?

சிரிப்புக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, அதை அவள் தனக்குத்தானே ஒளிக்கவில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷம் அவள் அந்தப் பெண்ணைச் செத்தவளாகவே வைத்திருந்தாள். எத்தனை நகரங்களில், எத்தனை மேடைகளில் அவளுக்காகத் துக்கம் கொண்டாடியிருக்கிறாள். இப்போது பார்த்தால் அவள் பக்கத்து அறையிலிருந்து சிரித்துக்கொண்டே நடந்து வருகிறாள். தொலைந்துபோன சொந்தக்காரி ஒருத்தி பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றதுபோல் மனசு பொங்கியது. அந்தப் பெண்ணை இன்னும் ஒரு நாள்கூட டப்பாவுக்குள் போட்டு மூட அவளுக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல், "டப்பாவ எறக்குங்க" என்றாள்.

கணவர் அவள் முகத்தைப் பார்த்தார், நாற்காலி மேல் ஏறினார்.

செவ்வாய்க்கிழமை அரங்கம் நிரம்பிவிட்டது. அழுவதற்குத் தயாராகக் கைக்குட்டையோடு வந்தவர்களும் இருந்தார்கள். முன்வரிசையில் துறைத் தலைவர்கள், நடுவில் பக்கஎண், மடியில் அந்தக் கவிஞரின் புத்தகம், புத்தகத்தில் விரலை வைத்துப் பிடித்திருந்தார். கணவர் மேடை ஓரத்தில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். யாராவது பார்த்தால் மின்சார வேலைக்கு வந்தவர் என்று நினைப்பார்கள். மகள் கடைசி வரிசையில்.

பேராசிரியை எழுதிக் கொண்டுவந்த உரையை மேடையில் எல்லோரும் பார்க்கும்படி மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"முதல்ல நீங்க எல்லாரும் கேட்டிருக்கிற பதிவு" என்றாள். கணவர் போட்டார். கவிஞர் வாசித்தார், அரை மூச்சு இழுத்தார், அடுத்த வரிக்குப் போனார். வழக்கம்போல் அரங்கம் உருகியது. முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத வச்சு நான் ஒரு கட்டுரை எழுதினேன். அது தப்பு" என்றாள்.

அரங்கத்தில் சலசலப்பு எழுந்தது. அவள் நிறுத்தவில்லை. காப்பகத்தின் சட்டத்தைச் சொன்னாள், பிளேடைச் சொன்னாள், பிஸ்கட் டப்பாவைச் சொன்னாள். "ஒரு நாடாவுல மூச்சோட ஒரு பாதி இருந்துச்சு. இன்னொரு பாதி எங்க வீட்டு அலமாரி மேல இருந்துச்சு. நேத்து ரெண்டையும் படியெடுத்து ஒட்டினோம்" என்று சொல்லிவிட்டுக் கணவருக்குத் தலையாட்டினாள்.

அடுத்தது என்ன என்று கவிஞர் கேட்டார். மறந்துபோச்சா என்று அந்தப் பெண் சிரித்தாள். காலடி கேட்டது. இரண்டு வரிகளையும் சொன்னாள். சாப்பாடு ஆறிப்போவதைச் சொன்னாள். கவிஞர் சிரித்த இடத்தில் அரங்கமும் சேர்ந்து சிரித்தது. கைக்குட்டைக்காரர்கள் அதே கைக்குட்டையால் வேறு கண்ணீரைத் துடைத்தார்கள். பிறகு எல்லோரும் சட்டென்று அமைதியானார்கள், மூச்சு வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. கவிஞர் சிரித்து ஓய்ந்து, நிதானமாக, முழுசாக ஒரு மூச்சு இழுத்து அடுத்த வரியைத் தொடங்கினார். அந்த அடுத்த வரியை அவ்வளவு சந்தோஷமாக அதுவரை யாரும் கேட்டதில்லை. ஒலி அதேதான். முன்னால் இருந்த சிரிப்பு சேர்ந்துகொண்டதும் வரி மாறிவிட்டது.

பக்கஎண் எழுந்தார். அரங்கம் அடங்கியது. பேராசிரியை மேஜையைப் பிடித்துக்கொண்டாள். இதோ வந்துவிட்டது என்று நினைத்தாள்.

ஆனால் அவர் அவளைப் பார்க்கவில்லை. இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "வெட்டினது நீங்கதானா?"

கணவர் எழுந்து நின்றார். "ஆமாங்க."

"அந்தம்மா குரல வெட்டினீங்க, சிரிப்ப வெட்டினீங்க. அந்த அரை மூச்ச மட்டும் ஏன் விட்டுவச்சீங்க? அதையும் எடுத்திருந்தா இந்த வம்பே வந்திருக்காதே."

கணவர் பதில் சொல்ல வாயெடுத்தார். பழக்க தோஷம், பாதி மூச்சை இழுத்து நிறுத்தினார். அரங்கம் மொத்தமும் அதைக் கேட்டது, சற்றுமுன் கேட்ட அதே அளவு. கடைசி வரிசையில் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் இந்த முறை பொய் வரவில்லை.

"மூச்ச சுத்தமா எடுத்துட்டா அடுத்த வரியச் சொல்றது மனுஷன் மாதிரி இருக்காதுங்க, மிஷின் பேசற மாதிரி இருக்கும். எங்க ஆளுங்க பாத்தா திட்டுவாங்க. இருந்தாலும் எந்த நாடாவா இருந்தாலும் கொஞ்சம் விட்டுவைப்பேன். என்னைக்காவது யாராவது ஒருத்தர் காது குடுத்துக் கேப்பாங்கன்னு நெனச்சேன்."

மனைவியைப் பார்த்தார்.

"கேட்டாங்க. அப்பறம் கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க."

அரங்கம் கைதட்டியது. பேராசிரியைக்கு அப்போதுதான் உறைத்தது. அவளை முப்பது வருஷம் தூங்கவிடாமல் அடித்தது கவிஞருடைய துக்கம் இல்லை, இந்த மனிதருடைய இரக்கம். அவரைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே அவரைக் கேட்டிருக்கிறாள். கண் நிறைந்துவிட்டது.

துறைத் தலைவர்கள் தனியறைக்குப் போனார்கள். மூவரும் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இயந்திரம் அவர்களுக்கு நடுவில் நாலாவது ஆளாக இருந்தது. உள்ளே யாரோ குரலை உயர்த்தினார்கள். 'தப்பு', 'கட்டுரை' என்ற சொற்கள் மட்டும் வெளியே வந்தன. கணவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று அவள் சொல்லத் தொடங்கினாள், அது பொய் என்று அவளுக்கே தெரிந்ததால் நிறுத்திக்கொண்டாள். அவளுக்கு அந்த இருக்கை வேண்டும். நேற்றுவரை வேண்டியிருந்ததைவிட இப்போது அதிகமாக வேண்டும்.

கதவு திறந்தது. பக்கஎண் புத்தகமும் கையுமாக வந்தார். முகம் எப்போதும் போலத்தான் இருந்தது, அதிலிருந்து எதுவும் படிக்க முடியவில்லை.

"தன் கட்டுரைய ஒரு வார்த்தகூட மாத்தமாட்டேன்னு சாதிக்கிறவங்களத்தான் இதுவரைக்கும் பாத்திருக்கேன். அதுல நானும் ஒருத்தன்" என்றார். "வாக்கெடுப்பு முடிஞ்சுது. இருக்கை உங்களுக்குத்தான். நானும் கையத் தூக்கினேன்."

பேராசிரியை எழுந்து நின்றாள். அவர் புத்தகத்தைத் திறந்து, அந்த இரண்டு வரிகளின் ஓரத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு நின்றார்.

"அந்தம்மா வாசிச்சத இங்க குறிச்சு வச்சுக்கணும். ஆதாரம்னு எதப் போடறது? பக்க எண் இல்லையே."

"பிஸ்கட் டப்பான்னு போடுங்க சார்" என்றாள்.

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

அவர் தாழ்வாரத்தின் கோடியில் திரும்பும்வரை மூவரும் மூச்சுக்கூட விடவில்லை. திரும்பியதும் மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மா கணவரைக் கட்டிக்கொள்ளப் போனாள், நடுவில் இயந்திரம் இருந்தது, அதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். பிறகு அவள் மெல்ல விலகி அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குள் பேராசிரியை திரும்பி வந்துவிட்டிருந்தாள்.

"ஏங்க, அந்த நாடாவுல இருந்தது வேடிக்கையான துண்டுங்க மட்டும்தானே?"

"ஆமா."

"அப்ப வேடிக்கையா இல்லாத துண்டுங்களும் இருந்திருக்கும். காப்பகத்துல இருக்கிற நாடாவுல இன்னும் எத்தனைல உங்க வெட்டு இருக்கு?"

கணவர் மூச்சைப் பாதி இழுத்து நிறுத்தினார்.

"கொஞ்சம்தான்" என்றார்.

மகள் பெஞ்சில் விழுந்து சிரித்தாள். பேராசிரியை கைப்பையிலிருந்து பழைய உரையை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு பேனாவைத் தேடினாள்.